பிள்ளையில்லாதவர்களும் சர்க்காரும்

நமது நாட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சர்க்கார் இருக்கின்றது. பிள்ளை பெறாதவளுக்கோ கோயிலும், குளமும், மந்திரவாதியும், மாமியார் வாயுந்தான் இருக்கின்றன. இது வேடிக்கைக்காகச் சொல்லும் வார்த்தையல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் 1987-இல் ஏற்பட்ட மகப்பேறு உதவித் திட்டத்தின்கீழ் ஏழைத் தாய்மார்களுக்கு 2006-இல் 6,000 ரூபாயும், 2011-இல் 12,000 ரூபாயும், 2018 முதல் ஊட்டச் சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாயும் என்று உதவி உயர்த்தப்பட்டது. இரண்டு பிள்ளைகள் வரைக்கும் இந்த உதவி உண்டு. இதை நாம் மனதார வரவேற்கின்றோம். ஒரு காசுகூடக் குறைக்க வேண்டுமென்று சொல்ல வரவில்லை.

ஆனால் கலியாணமாகிப் பத்து வருஷமாகியும் கரு தங்காத ஒரு ஏழைக் குடும்பம் சர்க்காரிடம் போனால் என்ன கிடைக்கின்றது? 2018-இல் இந்திய சர்க்கார் ஏற்படுத்திய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலே இன்னின்ன வைத்தியத்துக்குப் பணமில்லை என்று ஒரு ஜாபிதா போட்டிருக்கின்றார்கள். அதிலே பிள்ளையில்லாக் குறைக்கான வைத்தியமும் ஒன்று. இருதயம் கெட்டால் வியாதி, மூத்திரப்பை கெட்டால் வியாதி, கருக்குழாய் அடைத்துக்கொண்டால் மாத்திரம் தலைவிதி போலும்! வைதீகன் "பூர்வ ஜன்ம பாவம்" என்று சொல்லித் தள்ளுகின்றான். சர்க்கார் "ஜாபிதாவில் இல்லை" என்று சொல்லித் தள்ளுகின்றது. தள்ளப்படுகின்றவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இது யாரோ நாலு பேருடைய சங்கதியென்று நினைத்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இந்தக் குறைக்கு ஆளாகின்றார். அப்படியானால் நம் ஜெயங்கொண்டத்திலும், உடையார்பாளையத்திலும், ஆண்டிமடத்திலும், மீன்சுருட்டியிலும் இது இல்லாத தெரு இருக்க முடியுமா? தறியில் உட்கார்ந்திருப்பவனிடத்திலும், முந்திரிக்கொட்டை உடைப்பவளிடத்திலும் கேட்டுப் பாருங்கள். சொந்தத் தங்கையின் வளைகாப்பில் ஒரு வளையல் எடுத்துப் போட யோக்கியதையில்லை என்று மூலையில் நிறுத்தப்படுகின்றவள் யார்? காலையில் எதிரே வந்தால் சகுனத்தடை என்று முகம் திருப்பப்படுகின்றவள் யார்? விதவைக்குச் செய்த கொடுமையையே இவளுக்கும் செய்கின்றோம். விதவைக்காவது பரிந்து பேசச் சில சீர்திருத்தக்காரர்கள் கிளம்பினார்கள். இவளுக்கு அதுவுமில்லை.

இந்த இழிவு எங்கிருந்து வந்தது? பிள்ளையில்லாதவன் "புத்" என்னும் நரகத்துக்குப் போவான், மகன் பிறந்துதான் அவனைக் கரையேற்ற வேண்டும் என்பது மனுதர்ம சாஸ்திரத்தின் ஒன்பதாவது அத்தியாயம். மலடியை எட்டாவது வருஷத்தில் ஒதுக்கிவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம் என்பதும், பெண்ணாகவே பெறுகின்றவளைப் பதினொன்றாவது வருஷத்தில் ஒதுக்கலாம் என்பதும் அதே அத்தியாயந்தான். புருஷனிடம் குறையிருந்தால் அவனை எத்தனையாவது வருஷத்தில் ஒதுக்குவது என்று அங்கே ஒரு சுலோகமும் இல்லை. தசரத மகாராஜன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பட்டமகிஷிகள் இருந்தும் வாரிசு இல்லை. மூன்று நிலத்திலும் விளையவில்லையென்றால் விதையைப் பார்க்க வேண்டாமோ? குடியானவனுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி மகரிஷிகளுக்குத் தெரியவில்லை. யாகம் செய்து பாயசத்தை மனைவிமார்களுக்குத்தான் கொடுத்தார்கள்!

அந்தப் பாயசம் இன்று நெய்யாகியிருக்கின்றது. நமக்கு அடுத்த தஞ்சை ஜில்லாவில் திருக்கருகாவூர் என்று ஒரு ஊர். அங்குள்ள அம்மன் கோயிலில் பிள்ளை வேண்டுபவர்களுக்கு நெய்ப் பிரசாதம் கொடுக்கின்றார்கள். அந்தக் கோயிலை நிர்வகிப்பது யார்? சர்க்காரின் அறநிலையத் துறைதான். இன்னும் சில கோயில்களில் பெண்கள் வெறுந் தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு தின்கின்றார்கள். ஒரே சர்க்காரின் ஒரு இலாகா நெய் கொடுக்கும்போது, சுகாதார இலாகா சோதனையும் மருந்தும் கொடுக்க வேண்டாமா என்பதுதான் நம்முடைய கேள்வி.

விஞ்ஞானம் என்ன சொல்லுகின்றது? பிள்ளையில்லாத தம்பதிகளை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் ஆணிடமும் குறையிருக்கின்றது. ஆணிடம் மாத்திரமே குறையுள்ள குடும்பங்களும் உண்டு. பெண்ணின் கருக்குழாய் அடைபடுவதற்கு நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கிய காரணம். தைராய்டு கோளாறும், சினைப்பைக் கோளாறும் காரணங்கள். ஆணுக்கு அம்மைக்கட்டு விரையில் இறங்குவதும், விரை நரம்பு வீங்குவதும், புகையும், மிதமிஞ்சிய குடியும் காரணங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை ரத்தச் சோதனையாலும், படம் எடுப்பதாலும், விந்துச் சோதனையாலும் கண்டுபிடித்துவிடலாம். விந்துச் சோதனைக்குக் கத்தியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம், செலவும் அற்பம். ஆயினும் பெண்டாட்டியை ஒன்பது வைத்தியரிடமும் பத்துக் கோயிலுக்கும் இழுத்தடிக்கும் வீரர்கள், இந்த ஒரு சோதனைக்கு மாத்திரம் பயந்து ஒளிகின்றார்கள். ஆண்மை என்பது இதுதான் போலும்!

1978-இல் இங்கிலாந்தில் கருவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உண்டாக்கிக் குழந்தை பிறக்கச் செய்தார்கள். அதே வருஷம் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி அதைச் செய்து காட்டினார். அவரை நம்பாமல் அவமதித்தார்கள். 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இங்கிலாந்துக்காரரான எட்வர்ட்ஸ் என்பவருக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவாளியைச் சாகவிட்டு அரசமரத்தைச் சுற்றுகின்ற தேசம் இது.

நிற்க. சில தோழர்கள், "கர்ப்பத்தடை வேண்டுமென்று ஊர் ஊராய்ப் பேசியவர்களல்லவா நீங்கள்? இப்போது பிள்ளை வேண்டுமென்று எழுதுகின்றீர்களே!" என்று கேட்கலாம். நாம் கர்ப்பத்தடை வேண்டுமென்றது ஜனத்தொகைக் கணக்குக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக. வேண்டாதபோது பெறாமலிருக்க அவளுக்கு உரிமை உண்டென்றால், வேண்டும்போது அதற்கு வைத்தியம் கேட்கவும் அவளுக்கே உரிமை உண்டு. இரண்டும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கந்தான்.

சர்க்காரின் கணக்கோ வேறு. 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக்கிக்கொண்ட சர்க்கார் கிராமம் கிராமமாய் முகாம் போட்டது; ஆள் பிடித்தது; பணம் கொடுத்தது. பிறப்பை நிறுத்துவதற்கு முந்திரிக்காட்டுக்குள்ளும் வழி கண்டுபிடித்தவர்களுக்கு, பிறப்பை உண்டாக்குவதற்கு மாத்திரம் வழி தெரியாதா? இன்று காற்று மாறி அடிக்கின்றது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளைதான் என்று 2020-ஆம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்லிற்று. பார்லிமெண்டு ஸ்தானங்கள் குறைந்துவிடுமென்ற கவலையால், 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு கலியாணத்தில், சீக்கிரம் பிள்ளை பெறுங்கள் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் தம்பதிகளைக் கேட்டுக்கொண்டார். நல்லது. பெற முடியாமல் அழுகின்றவர்களுக்கு என்ன பதில்? பெண்ணின் வயிறு சர்க்காருக்கு ஓட்டுக் கணக்கல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ளட்டும். பிறகு கேட்பவர்களுக்கு வைத்தியம் கொடுக்கட்டும்.

2024-இல் எழும்பூர் சர்க்கார் மகப்பேறு ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு மையம் திறந்தார்கள். பாராட்டுகின்றோம். ஆனால் ஜெயங்கொண்டத்துக் கூலிக்காரி இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், மாதத்தில் பலமுறை, கூலியும் பஸ் சத்தமும் இழந்து போய்வர முடியுமா? தனியார் கடைகளிலோ ஒரு சுற்றுக்கு லட்ச ரூபாய்க்குமேல் கேட்கின்றார்கள். தாலியும் காணியும் அடகுக்குப் போகின்றன. ஒரு சுற்றிலேயே கரு தங்குமென்று எந்த வைத்தியரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகையால் நாம் கேட்பது இவைதான். தாலுகா ஆஸ்பத்திரிதோறும் புருஷன், மனைவி இருவருக்கும் ஒரே நாளில் இலவசச் சோதனை நடக்க வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் இந்த வைத்தியத்துக்குத் தனிப் பிரிவு வேண்டும். காப்பீட்டு ஜாபிதாவிலிருந்து இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும். தத்தெடுக்க விரும்புகின்றவர்களை வருஷக்கணக்கில் காக்க வைக்காமல், மனுப்போடவும் வழிகாட்டவும் ஜில்லாதோறும் ஆள் வேண்டும். ஈமக்கடனுக்காக ஆணை மாத்திரமே தத்தெடுக்கலாம் என்றிருந்த சாஸ்திரத்தை 1956-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்துப் பெண் குழந்தைக்கும் வழி திறந்திருக்கின்றது. அந்த வழியில் நம்மவர்கள் துணிந்து நடக்க வேண்டும்.

வைத்தியம் பலிக்காதவர்களும் இருப்பார்கள். பிள்ளையே வேண்டாமென்பவர்களும் இருப்பார்கள். அவர்களும் முழு மனிதர்களே. ஈரோட்டு நாகம்மையார் பெற்ற ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்துபோயிற்று. அந்த அம்மையார்தான் 1921-இல் கள்ளுக்கடை மறியலிலும், 1924-இல் வைக்கத்திலும் முன்னே நின்றார். அவரை அபசகுனமென்று சொல்ல எவனுக்கு நா எழும்? ஆதலால் சுயமரியாதைக்காரர்கள் தங்கள் வீட்டு வளைகாப்பிலும் கலியாணத்திலும் பிள்ளையில்லாத பெண்களை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். "மலடி" என்ற சொல்லைத் தங்கள் வீட்டு வாசற்படிக்கு வெளியே தள்ள வேண்டும். அதற்குச் சர்க்கார் உத்தரவு வரவேண்டியதில்லை. நமக்குச் சுயமரியாதை இருந்தால் போதும்.