ஆபரேஷன் முடிஞ்சதும் வாந்தி... எந்த மருந்து பெஸ்ட்?

கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஏறினாலே எலுமிச்சம்பழத்தை மூக்குகிட்ட வெச்சுக்கிற ஆளா நீங்க? அப்படின்னா, என்றைக்காவது ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டி வந்தால், இந்த விஷயத்தை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆகணும்.

முழு மயக்கத்தில் நடக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு, ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு வாந்தி வருகிறது. `ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று நாமும் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால், தையல் போட்ட வயிற்றோடு ஓங்கரிப்பது சாதாரண வேதனை இல்லை. உடம்பில் நீர்ச்சத்து குறையும், டிஸ்சார்ஜும் தள்ளிப்போகும். பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கக்கூடிய பிரச்னை இது.

யாருக்கு ரிஸ்க்?

1999-ல் ஆப்ஃபெல் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு நான்கே கேள்விகளில் இதைக் கணித்தது. நீங்க பெண்ணா? புகைபிடிக்காதவரா? பயணத்திலோ, முந்தைய ஆபரேஷனிலோ வாந்தி எடுத்திருக்கீங்களா? ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலிநிவாரணி தேவைப்படுமா? ஒன்றுக்குக்கூட `ஆமாம்’ இல்லையென்றால் ரிஸ்க் 10 சதவிகிதம். ஒன்றுக்கு 20, இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நான்குக்கும் `ஆமாம்’ என்றால் 80. (அதுக்காக யாரும் சிகரெட்டைப் பத்தவெச்சுடாதீங்க!)

இப்போ கணக்குப் போடுங்க. நம் ஊரில் சிகரெட் பழக்கமில்லாத ஒரு பெண், தியேட்டருக்குள் நுழையும்போதே 40 சதவிகிதத்தில் நிற்கிறார். பஸ் பயணம் ஒத்துக்காது என்றால் 60.

மருந்துகளில் யார் முதலிடம்?

ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், டிரோபெரிடால் என்ற மூன்று மருந்துகளை 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வெளியானது. ரிசல்ட்? மூன்றும் சமம். ஒவ்வொன்றும் ரிஸ்க்கைச் சுமார் 26 சதவிகிதம் குறைத்தது. நிஜ வித்தியாசம் சேர்த்துக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. மருந்தே இல்லாதபோது 52 சதவிகிதம் பேருக்கு குமட்டலோ வாந்தியோ வந்தது. ஒரு மருந்தில் அது 37, இரண்டில் 28, மூன்றில் 22 என இறங்கியது.

காரணம் எளிமையானது. வாந்தியைத் தூண்டும் சிக்னல் மூளைக்குப் பல வழிகளில் போகிறது. ஒரு மருந்து ஒரு கதவைத்தான் அடைக்கும்.

585 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான காக்ரேன் அலசலும் பொதுவாகக் கூட்டணிக்கே ஓட்டுப் போட்டது. தனியாளாக நின்று கூட்டணி அளவுக்கு வேலை செய்தது அப்ரெபிட்டன்ட் என்ற புது வகை மருந்து. ஆனால் பழைய ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன் ஜோடி விலை குறைவு. எல்லா இடத்திலும் கிடைக்கும்.

எதை மறைக்கக் கூடாது?

சர்க்கரைநோய் இருந்தால் சொல்லுங்க. டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். இதயத்துடிப்பில் பிரச்னை இருந்தாலும் சொல்லணும். ஒண்டான்செட்ரான், டிரோபெரிடால் இரண்டுமே துடிப்பின் லயத்தைப் பாதிக்கலாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்க; அப்ரெபிட்டன்ட் எடுத்த பிறகு 28 நாள்கள் வரை அந்த மாத்திரையின் பலன் குறையலாம்.

வார்டுக்கு வந்த பிறகு வாந்தி வந்தால் பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருக்க வேண்டாம், நர்ஸைக் கூப்பிடுங்க. தியேட்டரில் கொடுத்த அதே மருந்தை 6 மணி நேரத்துக்குள் திரும்பப் போடுவதைவிட, வேறு வகை மருந்து கொடுப்பதே நல்லது என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள்.

ஆக, `எது பெஸ்ட்?’ என்ற கேள்விக்கு ஒரே மருந்தின் பெயர் பதில் இல்லை. உங்களுக்கு எத்தனை கதவுகளை அடைக்கணும் என்பதுதான் கேள்வி. அதை டாக்டர் முடிவு பண்ணுவார். அதற்கான தகவல் உங்ககிட்ட இருக்கு. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் உங்களைப் பார்க்க வரும்போது, அவர் கேட்காவிட்டாலும் அந்த எலுமிச்சம்பழக் கதையை முதலில் சொல்லிடுங்க.