செயலி வடிவமைப்பு: பொறுமையுள்ள பிள்ளைக்கு ஏற்ற படிப்பு



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால், "பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வையுங்கள்" என்னும் ஆலோசனை நாலா பக்கமிருந்தும் வரும். கணினிக்கு நிரல் எழுதக் கற்பது ஒரு படிப்பு. அந்நிரலை நிறைவேற்றும் செயலியையே வடிவமைக்கக் கற்பது மற்றொரு படிப்பு. இவ்விரண்டாவதைப் பற்றி நம் இல்லங்களில் பேச்சு எழுவது குறைவு.

அடுக்களையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சமைக்கும் தாய் ஒரு சிட்டிகை மிளகுக்காகக் கடைவீதிக்கு ஓடுவதில்லை. அடிக்கடி வேண்டுவன அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். மாதத்துக்கு வேண்டுவன சரக்கறையில் இருக்கும். செயலியும் அடிக்கடி தேவைப்படும் தரவுகளைத் தன்னருகே ஒரு சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதற்குக் கேச் என்று பெயர். பெட்டி பெரிதானால் தேடும் நேரம் கூடும். சிறிதானால் சரக்கறைக்கு நடை கூடும். இவ்விரண்டுக்கும் இடையே கணக்கிட்டு அளவு காண்பது கட்டமைப்பாளரின் பணி.

பரோட்டாக் கடையையும் பாருங்கள். ஒருவர் மாவு உருட்ட, ஒருவர் வீச, ஒருவர் கல்லில் சுடுகிறார். ஒரு பரோட்டா வேகும்போதே அடுத்தது வீசப்படுகிறது. செயலியும் கட்டளையைப் பெறுதல், அதன் பொருளறிதல், நிறைவேற்றுதல் எனப் பணியைப் பிரித்து, பல கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்துகிறது. இம்முறைக்குப் பைப்லைன் என்று பெயர். மாவு உருட்டுபவர் தாமதித்தால் கல் காய்வது போல, முந்தைய கட்டளையின் விடைக்காக அடுத்தது காத்திருக்க நேர்வதும் உண்டு. அதனைத் தவிர்க்கும் வழிகளையும் மாணவர் கற்கின்றனர்.

இத்துறையில் கவனக்குறைவுக்கு விலை அதிகம். 1994-ல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி, அரிதாகச் சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தந்தது. உள்ளிருந்த அட்டவணை ஒன்றில் 5 இடங்கள் விடுபட்டதே காரணம். சில்லில் பதிந்துவிட்ட பிழையை அழித்து எழுத இயலாது. செயலிகளை மாற்றித் தருவதற்காக அந்நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஆகவேதான் வடிவமைப்பைச் சரிபார்ப்பதே இன்று தனியொரு தொழிலாக வளர்ந்துள்ளது. ஒரு கணக்கை முடித்தபின் மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்க்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அக்குணத்துக்கு இங்கே மதிப்புண்டு.

"இதெல்லாம் பெரிய நாடுகளின் வேலையல்லவா?" என்று கேட்கலாம். 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுப்பு உருவாகத் தொடங்கியது. உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக் கூடியது அது. அதன் அடிப்படைப் பகுதியில் ஏறக்குறைய 40 கட்டளைகளே உள்ளன. ஆர்வமுள்ள கல்லூரி மாணவர் அதற்கொரு சிறு செயலியை வடிவமைத்துவிட இயலும். இதனை அடிப்படையாகக் கொண்டே சென்னை ஐ.ஐ.டி. 'சக்தி' செயலிகளை உருவாக்கியது. அவற்றுள் ஒன்று 2018-ல் சண்டிகருக்கு அருகில் உள்ள ஆய்வகத்திலேயே சில்லாக வார்க்கப்பட்டது.

இத்துறைக்குச் செல்ல மின்னணுத் தொடர்பியல் பொறியியல் பழகிய பாதை. சில்லு வடிவமைப்புக்கென்றே ஒரு தனி இளநிலைப் பாடத்திட்டத்தையும் ஏ.ஐ.சி.டி.இ. 2023-ல் வெளியிட்டது. கணினி அறிவியல் மாணவரும் இதற்குள் வரலாம். ஆயின் மின்னணுவியலை ஊன்றிப் படித்திருக்க வேண்டும். வடிவமைப்புப் பணிகள் பலவற்றுக்கு முதுநிலைப் பட்டம் எதிர்பார்க்கப்படுவதால், கேட் தேர்வையும் தொடக்கத்திலிருந்தே மனத்தில் கொள்வது நன்று.

பெற்றோர்களே! கல்லூரியில் இடம் உறுதி செய்யுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வெரிலாக் மொழியில் மாணவர் தாமே வடிவமைத்துப் பழகுகின்றனரா? அவ்வடிவத்தை இயக்கிப் பார்க்க ஆய்வகத்தில் எஃப்.பி.ஜி.ஏ. பலகைகள் உள்ளனவா? இரண்டுக்கும் "இல்லை" என்பது விடையானால், அங்கே இப்பாடம் மனப்பாடமாகவே முடியும். கட்டணமின்றிக் கிடைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் சிமுலேட்டர் மென்பொருள்களும் அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

மகனாயினும் மகளாயினும், கணக்கில் பிடிப்பும் பிழை தேடும் பொறுமையும் உள்ள பிள்ளையிடம் இத்துறையைப் பற்றிச் சொல்லுங்கள். முடிவைப் பிள்ளையோடு அமர்ந்து எடுங்கள். நான்காண்டுகள் உழைக்கப் போவது பிள்ளைதானே!