பூட்டை உடைக்கும் உபதேசம்

"காசு கொடுத்து நான் வாங்கிய கம்ப்யூட்டர். அதில் ஒரு நிரலை வைக்க அதனிடமே நான் அநுமதி கேட்க வேண்டுமா?" என்று ஓர் இளைஞர் என்னிடம் சீறினார்.

நானும் ஒரு காலத்தில் அப்படிச் சீறியவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் ஆப்ட் என்றொரு நிர்வாகி உண்டு. எந்த நிரல் வந்தது, எந்தக் கோப்புகளைக் கொண்டுவந்தது, எது எதை நம்பி நிற்கிறது என்பதற்கெல்லாம் அதனிடம் கணக்கு இருக்கிறது. பைத்தான் மொழிக்கோ பிப் என்று தனியாக ஒரு நிர்வாகி. அதற்குத் தனி ஏடு. ஒரே உக்கிராண அறைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள்! விபரீதத்துக்கு வேறென்ன வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன், என் நாவலில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை எண்ணிக் காட்டும் சிறு நிரல் ஒன்றுக்காக, முழு அதிகாரத்தோடு பிப்பை ஏவி ஒரு துணைத் தொகுப்பைப் புதுப்பித்தேன். என் நிரல் ஓடியது. மறுநாள், இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் கருவி திறக்கவே இல்லை. அதுவும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். ஆப்ட் வைத்திருந்த பழைய பதிப்பை நம்பிப் பிழைத்தது அது. பிப் கொண்டுவந்த புதியது முன்னால் வந்து மறித்துக்கொண்டது. சொற்களை எண்ணப் போனவன் இரண்டு நாள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இந்த அவஸ்தைக்காகவே 2021-இல் பெப் 668 என்ற விதி முன்மொழியப்பட்டது. இயங்குதளம் தன் பைத்தானில் ஒரு சிறு கோப்பை வைத்தால் போதும். பிப் அங்கே கை வைக்க மறுத்துவிடும். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 அதை மேற்கொண்டது. மறுப்பதோடு நிற்கவில்லை: ஆப்டிடம் கேள், இல்லையேல் தனிச் சூழல் அமைத்துக்கொள், முழு நிரலானால் பிப்எக்ஸை நாடு என்று வழியும் காட்டுகிறது.

ஆனால் நம் உபதேசிகள் என்ன சொல்கிறார்கள்? "அந்தக் கோப்பை அழித்துவிடு, அல்லது கட்டளையோடு 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று சேர்த்துவிடு, ஓடிவிடும்!" ஐயா, அதன் பொருள் என்ன? 'இயங்குதளத்தின் தொகுப்புகளை உடை' என்பதுதானே! விஷப் புட்டியில் விஷம் என்றே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இவர்கள் அதைக் கஷாயம் என்று ஊற்றிக் கொடுக்கிறார்கள். உடைந்த பிறகு இவர்களில் ஒருவராவது வந்து ஒட்டித் தருவாரா?

அதிகாரிகளையும் நான் விடுவதாயில்லை. தனிச் சூழல் அமைக்கும் வசதி பைத்தானில் 2012-இலேயே வந்துவிட்டது. டெபியனிலோ அதற்கும் ஒரு தொகுப்பைத் தனியே நிறுவச் சொல்கிறார்கள். வாசலை அடைத்தவர்கள் பக்கத்துக் கதவையாவது திறந்தே வைத்திருக்க வேண்டாமா?

தம்பி, கம்ப்யூட்டர் உன்னுடையதுதான், மறுக்கவில்லை. உன் வேலைக்கு ஒரு தனிச் சூழல் அமைத்துக்கொள். அதற்குள் எதை வேண்டுமானாலும் போடு, மாற்று, உடை. பிடிக்காவிட்டால் அந்த அடைவை அப்படியே அழித்துவிடு. மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் திறக்கும்.

எனக்குத் திறக்கவில்லை.