பியூஸ் இல்லாத பெருமை

எங்கட ஊரில் ‘பூட்டுறது’ என்ற சொல்லுக்கு இரண்டு பாவனை இருக்கு. கதவுக்குச் சாவி போடுவதும் பூட்டுறதுதான். ஃபான் பூட்டுறது, லைற் பூட்டுறது என்று ஒன்றைப் பொருத்துவதும் பூட்டுறதுதான். போன வருசம் நாங்கள் ஒரு பழைய காருக்கு அலாரம் பூட்டினோம். அந்த அலாரம் ஒருநாள் எங்களில் ஒருவரின் அப்பாச்சியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

கார் பழைய ஜப்பான் கார். நாலு கதவையும் கையால்தான் பூட்ட வேணும். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை மடங்கு மடங்காக ஏறினது எல்லாருக்கும் தெரியும். 2025 தொடக்கத்தில் இறக்குமதி திரும்பத் திறந்தாலும் எங்களைப் போன்ற ஆக்களுக்குப் புதுக்கார் எட்டாத உயரம்தான். இருக்கிறதைப் பாதுகாக்க வேணும். அலாரம் போட்டு, அதோடு சென்றர் லொக்கும் சேர்த்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தோம்.

வயறிங் செய்யிற அண்ணை இரண்டு நாள் கேட்டார். நாங்கள் பின்னேரம் நல்லூருக்குப் போகவேணும், அரை நாளில் தாங்கோ என்று நின்றோம். காசிலும் பேரம் பேசினோம். “அப்ப றிலே, பியூஸ் ஹோல்டர் எல்லாம் விட்டுட்டுச் செய்யிறன், பிரச்சினை வராது” என்றார். நாங்களும் தலையாட்டினோம். இதை முதலே சொல்லிவிட வேணும். பிழை அவருடையது மட்டும் இல்லை.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு பருத்தித்துறைக்குப் போகிற வழியில் நெல்லியடியில் நிறுத்தினோம். அப்பாச்சி பின் சீற்றில். ஏசி நிற்கக்கூடாது என்று என்ஜினை ஓடவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, பாதுகாப்புக்கு றிமோட்டால் கதவுகளைப் பூட்டிவிட்டுக் கடைக்குள் போனோம். திரும்பி வரும்போது டாஷ்போர்ட்டுக்குக் கீழே இருந்து புகை. றிமோட்டை அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாச்சி பக்கத்துக் கதவின் குமிழை இழுத்துப் பார்க்கிறா, அது அசையவில்லை. கல்லால் முன் கண்ணாடியொன்றை உடைத்து, கையை விட்டுக் கதவைத் திறந்தோம். அவவை இறக்கி, பொனற்றைத் தூக்கி, பற்றறி ரேமினலைக் கழற்றின பிறகுதான் புகை நின்றது. அப்பாச்சிக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்குத்தான் அன்று முழுக்கக் கை நடுங்கினது.

பிறகு வேறொரு அனுபவசாலியிடம் காட்டி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம். அன்றைக்கு நாங்கள் கேட்டு விளங்கிக்கொண்டதை இங்கே சொல்லுறோம். கஷ்டமான விசயம் இல்லை.

கதவுக்குள் வைக்கிறது ஒரு சின்ன மோட்டார். அதற்கு இரண்டு வயர். மின்சாரம் ஒரு பக்கமாக ஓடினால் பூட்டுக் கம்பியை இழுக்கும், திசை மாறினால் தள்ளும். ட்ரைவர் கதவில் வழமையாக ஐந்து வயர் மோட்டார் வரும். மிச்ச மூன்று வயரும், அந்தக் கதவைச் சாவியால் திறந்தாலும் மற்றக் கதவுகளுக்குத் தகவல் சொல்லுறதுக்கு. அலாரம் பெட்டியில் இருந்து வருகிற லொக், அன்லொக் வயர்கள் பல மொடல்களில் வெறும் சைகை வயர்கள். சில நூறு மில்லி அம்பியருக்கு மேலே தாங்காது. நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கிற கரண்ட் அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் நடுவில் இரண்டு றிலே வேணும்.

ஒவ்வொரு றிலேயின் கால்களுக்கும் நம்பர் இருக்கு. 85, 86 சுருளுக்கு. 30 மோட்டாருக்கு. 87 பியூஸ் வழியாகப் பற்றறியின் பிளஸ்சுக்கு. 87ஏ எர்த்துக்கு. சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் எர்த்தில் நிற்கும். சைகை வந்தால் ஒரு றிலே மட்டும் அரை செக்கன் அளவுக்குப் பிளஸ்சுக்குத் தாவும். மோட்டார் இழுத்துவிட்டு ஓயும். புதிதாக வருகிற சில பெட்டிகளுக்குள்ளேயே றிலே இருக்கு. ஆனால் அப்பவும் பியூஸை விட ஏலாது.

எங்கட காரில் புகைந்தது அந்த இடம்தான். பற்றறியில் இருந்து அலாரத்துக்கு வந்த வயர், என்ஜின் பக்கத்துத் தகட்டின் ஓட்டைக்குள்ளால் றப்பர் வளையம் இல்லாமல் வந்திருக்கு. மேலே சுத்தின ரேப்பின் பசை சூட்டில் இளகிவிட்டது. என்ஜின் நடுக்கத்தில் வயர் தகட்டில் உரசி உரசித் தோல் கழன்று, நேரே பொடியில் முட்டியிருக்கு. பியூஸ் இருந்திருந்தால் அந்தக் கணமே எரிந்து மின்சாரத்தை நிறுத்தியிருக்கும். அது இல்லாததால் வயரே சிவந்து எரிந்தது. கார் பற்றறி 12 வோல்ட்தானே என்று நினைக்கிறோம். ஷோட் ஆனால் அது நூற்றுக்கணக்கான அம்பியரைத் தள்ளிவிடும். பியூஸ் காப்பாற்றுவது அலாரத்தை இல்லை, வயரை. அதனால் அது பற்றறிக்குக் கிட்ட இருக்க வேணும். அலாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால், அதற்கு முன்னால் வருகிற நீள வயருக்கு ஒரு காவலும் இல்லை.

குமிழ் ஏன் அசையவில்லை? மோட்டாரைப் பூட்டுக் கம்பியின் நேருக்கு வைக்காமல் சரிவாக இறுக்கியிருந்தது. அதனால் கம்பி வளைந்து சிக்கிவிட்டது. மோட்டார் பூட்டின பிறகு, கண்ணாடியை முழுக்க இறக்கி ஒருமுறை, ஏற்றி ஒருமுறை, நாலு குமிழையும் கையால் இழுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இனி எங்கட கருத்துக்கு வாறம். வடக்கில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பெருமை இருக்கு: எங்கட ஆக்கள் எதையும் ஓடவைப்பினம். அது உண்மைதான். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, கரண்ட் இல்லை. பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரினும் மொறிஸும் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டார்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செப்பு இழை சுத்தினார்கள். நாங்கள் இதையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தோம், கண்டதில்லை.

ஆனால் அந்த ஆக்கள் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட்டவர்கள். வேறு வழி இல்லை, அதனால் விட்டார்கள். ஏ9 பாதை 2009இல் திறந்து இவ்வளவு வருசம் ஆகிவிட்டது. றிலேயும் பியூஸ் ஹோல்டரும் நகரத்து உதிரிப்பாகக் கடைகளில் கிடக்குது, அலாரத்தின் விலையோடு பார்த்தால் அது ஒரு காசே இல்லை. இப்பவும் “பிரச்சினை வராது” என்று அதை விடுவது கெட்டித்தனம் இல்லை. இல்லாத காலத்து வழியை இருக்கிற காலத்தில் செய்துவிட்டு, அதற்கு அந்தக் காலத்தின் பெயரை வைக்கிறோம். அது அந்த ஆக்களுக்கு மரியாதையும் இல்லை.

இன்னொன்று, பூட்டு என்றால் கள்ளனை வெளியே நிறுத்துவது என்று மட்டும் நினைக்கிறோம். உள்ளே இருக்கிறவர் எந்த நேரமும் வெளியே வரக்கூடியதாக இருப்பதும் பூட்டின் வேலைதான். காருக்குள் தனியே இருப்பது அநேகமாகச் சின்னப்பிள்ளையும் வயசுபோன ஆக்களும்தான். கரண்ட் போனாலும் கையால் திறபட வேணும். ஆள் உள்ளே இருக்கும்போது பூட்டிவிட்டுப் போகவே கூடாது, அது நாங்கள் விட்ட தனிப் பிழை.

ஆகவே காரைக் கொடுக்கும்போது கேளுங்கோ. பியூஸ் எங்கே வைக்கிறியள், எத்தனை அம்பியர்? தகட்டு ஓட்டைக்கு றப்பர் போட்டாச்சா? வயரை முறுக்கி ரேப் சுத்துறியளா, ஈயம் வைக்கிறியளா? கேட்பது அவமரியாதை இல்லை. அவர் கேட்கிற நேரத்தையும் கூலியையும் குடுங்கோ, அதுதான் மரியாதை.

அலாரப் பெட்டியோடு வருகிற தாளில் தமிழ் ஒரு சொல்லும் இல்லை. எங்கட காரின் வயறிங்கை நாங்கள் ஒரு தாளில் தமிழில் கீறி, எந்த வயர் எந்த நிறம், பியூஸ் எந்த இடம் என்று எழுதி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். நாளைக்கு வேறொருவர் திறந்து பார்த்தாலும் அவருக்கு விளங்கும்.

அப்பாச்சி இப்பவும் எங்களோடு வாறா. ஏறினவுடனே குமிழை ஒருக்கா இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து இருக்கிறா.