கொக்கின் வெண்மையைக் கருவி அறியாது

வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பாதே என்பார்கள் நம் பெரியோர். நீர்ப்பறவைகளைப் படமெடுக்கும் நம் மாணவர்களுக்கும் இது பொருந்தும். நண்பர்கள் காட்டும் கொக்குப் படங்களில் பெரும்பாலும் கொக்கு இல்லை. கொக்கின் வடிவில் ஒரு வெள்ளைத் தாள்தான் இருக்கிறது. இறகும் இல்லை, கழுத்தின் வளைவில் நிழலும் இல்லை. "நல்ல லென்ஸ் இல்லையே" என்று குறைபட்டுக் கொள்கிறோம். என் கருத்து வேறு. குறை லென்ஸில் இல்லை. நாம் எடுக்க வேண்டிய முடிவைக் கருவியிடம் விட்டுவிடுகிறோம்.

1985-இல் ஈய விலை வீழ்ந்தபோது கிந்தா பள்ளத்தாக்கில் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்தது, கோரை வளர்ந்தது, பறவைகள் வந்தன. இன்று பத்து காஜா அருகிலுள்ள கிந்தா இயற்கைப் பூங்காவில் பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, சாம்பல் நாரை, செந்நாரை, இராக்கொக்கு ஆகியவற்றைக் காணலாம். ஈப்போவிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய் வந்துவிடலாம்.

அங்கே கருநிற நீரில் ஒரு வெண்கொக்கு நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். கருவிக்குக் கொக்கும் தெரியாது, நீரும் தெரியாது. காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே அது முயலும். இருண்ட நீரைக் கண்டு ஒளியைக் கூட்டும். கொக்கு வெந்து வெளுத்துப் போகும். ஆகவே ஒளி ஈட்டத்தை முக்கால் அல்லது ஒரு படி குறைக்க வேண்டும். அதே கொக்கு வெளிர்ந்த வானத்தில் பறந்தால் நிலைமை தலைகீழ். ஒரு படி கூட்டாவிட்டால் கொக்கு அழுக்கேறித் தெரியும். கைப்பேசி வைத்திருப்பவரும் திரையில் கொக்கைத் தொட்டு ஒளியைக் கீழே இழுக்கலாம். பத்து மணிக்கு மேல் வெயில் கடுமையாகிவிடும். பெரட்டுக்கு இருட்டிலேயே எழுந்த தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு விடியலில் எழுவது பெரிய காரியமா?

அடுத்தது படத்தின் அமைப்பு. கரையில் நின்று கீழ்நோக்கி எடுத்தால் பறவை சேற்றில் ஒட்டிய பொம்மை போலாகும். நீர்மட்டத்திற்குக் குனியுங்கள். பறவை பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். கண் தெளிவாக இருக்கட்டும். பறக்க வைப்பதற்காகக் கல்லெறிவதையும் கூட்டை நெருங்குவதையும் நான் கண்டிருக்கிறேன். தாய்ப்பறவை எழுந்து போனால் வெயிலில் முட்டையும் குஞ்சும் என்னாகும்? அப்படிக் கிடைக்கும் படம் நமக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். பறவையை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் முழுக்க நிரப்பாதீர்கள். அது நிற்கும் குட்டை, கோரை, பின்னாலுள்ள சுண்ணாம்புக் குன்று ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்த மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பேனாவும் கருவியும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்குத் தமிழில் அவரே சான்று.

இடத்தை ஏன் சேர்க்க வேண்டும்? நம் ரப்பர் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். பல செம்பனையாயின, பல வீடமைப்புப் பகுதிகளாயின. நம் வீட்டு ஆல்பங்களில் தாத்தாவின் முகம் இருக்கிறது, பின்னால் ஸ்டூடியோ திரை. அவர் வாழ்ந்த லயத்து வீடு, பால் வெட்டிய நிரை, பெரட்டுக் களம் எதற்கும் படமில்லை. ஆளை எடுத்தோம், இடத்தை விட்டுவிட்டோம். ஈயக்குட்டைகளும் என்றென்றும் இருக்கப் போவதில்லை. ஒரு குட்டை மண்ணிட்டு நிரப்பப்பட்ட பின், "இங்கே நாரை நின்றது" என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கும்?

எனவே நண்பர்களே, லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் ஒரு விடியலை ஒதுக்குங்கள். இருக்கும் கருவியோடு ஒரு குட்டையின் கரையில் அமருங்கள். கொக்கைக் கொக்காகவும் இடத்தை இடமாகவும் எடுங்கள். படத்தின் அடியில் பறவையின் தமிழ்ப் பெயர், குட்டை இருக்கும் ஊர், நாள் மூன்றையும் எழுதி வையுங்கள். பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு அதுவே ஆவணம்.