நீர் பிடிக்கும் குருணை: எங்கே இட்டால் பலன்?

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மானாவாரிச் செம்மண் காடுகளில் மழை நின்ற சில நாட்களிலேயே மேல்மண் காய்ந்து விடுகிறது. ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை விதைத்த பின் அடுத்த மழை பத்து நாள் தள்ளிப் போனால், முளைப்புக் குறைந்து விதைச் செலவே வீணாகிறது. எனவே, ஹைட்ரோஜெல் என்னும் நீர் பிடிக்கும் குருணையை வாங்கலாமா என்ற கேள்வி எழுகிறது. வாங்கலாம், ஆனால் காடு முழுவதும் இறைப்பதற்கு அல்ல.

புதுடெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல், தன் எடையைப் போல் 350 மடங்குக்குக் குறையாமல் தூய நீரை உறிஞ்சும். ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ வரை பரிந்துரைக்கப்படுகிறது. கணக்குப் பார்த்தால், 2 கிலோ குருணை ஒரு தடவையில் பிடிப்பது சுமார் 700 லிட்டர்தான். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 4,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆகவே குருணை மழைக்கு மாற்று ஆகாது. அது விதையையும் வேரையும் ஒட்டி இருந்தால்தான் அந்தச் சிறிதளவு நீர் பயிருக்கு உதவும்.

எனவே குருணையைப் பத்து மடங்கு காய்ந்த பொடிமண்ணுடன் கலந்து, விதைச் சாலில் இட்டு மண்ணால் மூட வேண்டும். மாங்கன்று நடும் குழிக்கும் இது ஏற்றது. மேலாகத் தூவினால் பணம் விரயமே.

நீரில் உப்பு மிகுந்தால் குருணையின் உறிஞ்சும் திறன் வெகுவாகக் குறையும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளரில் மழை நீரும், மற்றொன்றில் சொந்தக் கிணற்று நீரும் எடுத்து, இரண்டிலும் சம அளவு குருணை இட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கிணற்று நீரில் சரியாக உப்பவில்லை என்றால், இறவைப் பயிருக்கு அதை வாங்குவதில் பயனில்லை.

மண்ணின் ஈரப்பிடிப்புக்கு முதல் செலவு தொழு உரமாகவோ மக்கிய தென்னை நார்க் கழிவாகவோ இருக்கட்டும். நார்க்கழிவு தன் எடையைப் போல் 5 மடங்குக்கு மேல் நீர் பிடிக்கும். ஏக்கருக்கு 5 டன் கடைசி உழவில் இடலாம். மக்காத கழிவு தழைச்சத்தை முடக்கி விடும் என்பதால், யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மக்க வைத்தே இட வேண்டும்.

இவற்றைச் செய்த பிறகும் குருணையைப் பயன்படுத்த விரும்புவோர், முதல் பட்டத்தில் 10 சென்டில் மட்டும் 200 கிராம் இடட்டும். பக்கத்து 10 சென்டில் இடாமல் விடட்டும். இரண்டிலும் முளைப்பையும் மகசூலையும் ஒப்பிட்டுப் பார்த்த பின் மற்ற நிலத்துக்கு வாங்குவதே சிறு விவசாயிக்கு நல்லது.