மூளையில் இரும்பு: மிகையா, சமன்குலைவா?

"முதியோருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாமா? அது மூளையில் படிந்து அல்சைமர் நோயை உண்டாக்குமாமே?" என்று நம்மிடம் வினவுவோர் பெருகிவிட்டனர். தமிழாசிரியரிடம் கேட்கவேண்டிய வினாவன்று. எனினும் இவ்வச்சத்தின் வேர் ஒரு சொற்குழப்பத்தில் இருப்பதாகத் தோன்றுவதால் சில சொல்லத் துணிகிறோம். ஆய்வாளர் பேசுவது இரும்பின் சமன்குலைவைப் பற்றி. நாமோ அதனை 'மிகை' என்று படித்துவிடுகிறோம்.

மிகை உண்டு என்பது மெய்யே. அல்சைமர் நோயாளரின் மூளையில் இரும்பு சேர்ந்திருப்பது 1953ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. அமிலாய்டு புரதத் திரட்டுகளில் அது காணப்படுகிறது. ஃபெரிட்டின் என்னும் புரதக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும்வரை இரும்பால் தீங்கில்லை. கட்டவிழ்ந்த இரும்போ ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைத் தோற்றுவிக்கும். இவ்வகை உயிரணுச் சாவுக்கு 2012இல் 'ஃபெரோப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். (இதனை 'மூளை துருப்பிடித்தல்' என்று எழுதுவோர் உவமையையே பொருளாகக் கொண்டுவிடுகின்றனர்.)

அவ்வாறாயின் இரும்பை அகற்றினால் நோய் தணியவேண்டும் அல்லவா? 1991இல் லான்செட் இதழில் வெளிவந்த கனடிய ஆய்வொன்று அந்நம்பிக்கையை வளர்த்தது. 48 நோயாளர் பங்குகொண்ட அவ்வாய்வில், டெஸ்ஃபெரியாக்ஸமின் ஊசி பெற்றோரின் அன்றாடச் செயல்திறன் ஏனையோரைவிட மெதுவாகவே குன்றிற்று. வேடிக்கை யாதெனில், அவ்வாய்வினர் அகற்றக் கருதியது அலுமினியத்தை! அம்மருந்து இரும்பையும் பற்றுமாதலின், பின்வந்தோர் அவ்வெற்றியை இரும்பின் கணக்கில் எழுதிக்கொண்டனர்.

நேரடிச் சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்தது. தொடக்கநிலை நோயாளர் 81 பேரில் ஒரு பகுதியினருக்கு டெஃபெரிப்ரோன் மாத்திரையும் எஞ்சியோருக்குப் போலி மாத்திரையும் ஓராண்டுக்காலம் அளிக்கப்பட்டன. 2024இல் முடிவு வெளிவந்தது. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியில் இரும்பு குறைந்தது. ஆயின் டெஃபெரிப்ரோன் உட்கொண்டோரின் அறிவுத்திறன், போலி மாத்திரை உண்டோரைவிட விரைவாக வீழ்ந்தது. மருந்து தன் வேலையைச் செவ்வனே செய்தது, நோயாளர்தாம் நலிந்தனர்.

டோபமின் ஆக்கத்திற்கும், நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறைக்கும், உயிரணுவின் ஆற்றலுக்கும் இரும்பு வேண்டும். ஓரிடத்தில் அது முடங்கிக் கிடக்க, வேண்டுமிடத்தில் பற்றாக்குறை நிலவக்கூடும். இரண்டையும் பிரித்தறிய மருந்துக்குத் தெரியாது என்பதே நம் எண்ணம். நோயின் காரணம் இரும்பா, விளைவு இரும்பா என்னும் வழக்கும் இன்னும் தீரவில்லை.

ஆகவே, இரத்தசோகைக்கென மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை மறதிக்கு அஞ்சித் தாமாக நிறுத்துவதை நாம் ஏற்கவியலாது. மூளை தனக்கு வேண்டிய இரும்பைத் தன் தடுப்பரண் வழியே அளந்தே பெறுகிறது. இரத்தத்தில் ஏறுவதெல்லாம் அங்குப் போய்ப் படிவதில்லை. 'உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றித் தருகிறோம்' என்று அழைப்போரிடம் பெற்றோரைக் கொண்டுசெல்ல எண்ணுவோர் மற்றொன்றையும் அறிதல் நன்று: மேற்கண்ட ஆய்வில், மருத்துவர் கண்காணிப்பிலேயே, டெஃபெரிப்ரோன் உண்ட சிலருக்கு இரத்த வெள்ளணுக்களும் குறைந்தன.